தானாகச் சாப்பிட வைப்பது

பியர்டட் டிராகன் வளர்ப்பவர்கள் சொல்லும் குறைகளில் முதலிடம் இதற்குத்தான்: "கையால் நீட்டினால் வாங்கிக்கொள்கிறது. கிண்ணத்தில் வைத்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சரியான பிடிவாதம்." பிடிவாதம் பிடிக்கும் அளவுக்கு இந்தப் பிராணி நம்மைப் பற்றி யோசிப்பதில்லை. சாப்பிடாத டிராகனிடம் பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணம் இருக்கும். உடம்பு சூடேறியிருக்காது, உடம்பு சரியில்லாமல் இருக்கும், இல்லாவிட்டால், சாப்பாடு மனித விரலிலிருந்துதான் வரும் என்று நாமே பழக்கியிருப்போம். மூன்றாவதைத் திருத்துவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. ஆனால் முதல் இரண்டும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளாமல் மூன்றாவதில் கைவைத்தால், நோயாளியைப் பட்டினி போட்ட பாவம் நம்மைச் சேரும்.

பியர்டட் டிராகன் நம் வேலியில் தலையாட்டும் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உட்பகுதி, மழை குறைந்த வறண்ட நிலம். அங்கே வேலிக் கம்பத்திலும் விழுந்த மரத்திலும் ஏறி வெயில் காய்ந்தபடி சுற்றிலும் எது அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும். அசைவது வாயில் அடங்குமானால் அது இரை. இந்த இரண்டு பழக்கங்களையும், அதாவது காய்வதையும் அசைவைக் கவனிப்பதையும், மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் முறைகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது தானே விளங்கும்.

முதலில் தராசு

"ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை" என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் முடிவு செய்ய முடியாது. கிராமில் சொல்லுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து பூஜ்யமாக்கி, அதில் டிராகனை உட்கார வையுங்கள். வாரம் ஒருமுறை, காலையில் சாப்பாட்டுக்கு முன், எண்ணை ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வாருங்கள். வளர்ந்த டிராகன் பொதுவாக 300 முதல் 500 கிராம் வரை இருக்கும். சில அதற்கு மேலும் போகும். எண் எவ்வளவு என்பதைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். வளர்ந்தது தன் எடையில் 10 சதவீதத்தை இழந்துவிட்டால் பழக்குவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். குட்டிக்கு இந்தக் கணக்கு செல்லாது. குட்டியின் எடை ஏறாமல் நின்றாலே கவலைப்பட வேண்டும்.

தராசோடு கண்ணும் வேலை செய்யட்டும். நன்றாக இருக்கும் டிராகனின் தலை உச்சியில் இரண்டு மெல்லிய கொழுப்பு மேடுகள் தெரியும். அந்த இடம் குழி விழுந்திருந்தால் உடம்பு இளைத்திருக்கிறது. வாலின் அடிப்பகுதி சதைப்பிடிப்பாக இருக்க வேண்டும். இடுப்பெலும்பு துருத்தக் கூடாது. கண் உள்ளே போயிருந்தால், அல்லது எச்சத்தில் வெள்ளையாக வர வேண்டிய பகுதி மஞ்சளாகவோ கெட்டியான சுண்ணாம்புக் கட்டியாகவோ வந்தால், உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது.

பிறகு வாய். வாயைத் திறக்க வேண்டாம், வெளியிலிருந்தே பார்க்கலாம். தாடை ஓரத்தில் வீக்கம், ஈறில் சிவப்பு அல்லது தயிர்ச் சொட்டு மாதிரியான படிவு, உதடு சரியாக மூடாமல் இருப்பது, எல்லாமே வலி இருப்பதைக் காட்டும். கீழ்த்தாடையை இரண்டு விரலால் மிக மெதுவாகத் தொட்டால் கெட்டியாக இருக்க வேண்டும். ரப்பராக வளைந்தால், கை கால் விரல்கள் துடித்தால், அது சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வரும் எலும்பு நோய். அப்படிப்பட்ட டிராகன் பூச்சியைக் கடிக்க ஆசைப்படும், நெருங்கிப் போகும், பிறகு விட்டுவிடும். கடித்தால் வலிக்கிறது. விரலால் ஊட்டும் மென்மையான புழுவை மட்டும் ஏற்றுக்கொண்டு கிண்ணத்துக் கரப்பானை ஒதுக்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பழக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

பின்னங்காலை இழுத்து நடப்பது, பல நாளாக எச்சம் போடாமல் வயிறு கெட்டியாக இருப்பது, நாற்றமடிக்கும் தண்ணியான எச்சம், வாயைத் திறந்தபடியே மூச்சு விடுவது (வெயில் காயும்போது வாயைத் திறப்பது சாதாரணம், குளிர்ந்த பக்கத்தில் திறப்பது சாதாரணமல்ல), தோலில் மஞ்சளாகப் பரவும் பொருக்கு: இவற்றில் எது இருந்தாலும் ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள். போகும்போது புதிய எச்சத்தை ஒரு மூடிய டப்பாவில் எடுத்துப் போங்கள். காக்சிடியா போன்ற ஒட்டுண்ணிகள் டிராகன்களின் குடலில் அடிக்கடி காணப்படுபவை. அவை பெருகினால் பசி போய்விடும். எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும்.

நோயல்லாத காரணங்களும் உண்டு. தோல் உரிக்கும் நாட்களில் பசி குறையும். புது வீட்டுக்கு வந்தது முதல் ஒன்றிரண்டு வாரம் அரைகுறையாகத்தான் சாப்பிடும். சினையான பெண் டிராகன் முட்டையிடும் முன் சாப்பாட்டைக் குறைத்துவிட்டு மண்ணைத் தோண்டிக்கொண்டே இருக்கும். ஆண் துணை இல்லாமலும் முட்டை உருவாகும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு வயது தாண்டியது குளிர்காலத்தில் பல வாரம் தூங்கிக் கழிக்கலாம். அப்போது எடை குறையாத வரை எழுப்பி ஊட்டக் கூடாது. ஒரே தொட்டியில் இரண்டை வைத்திருந்தால் இன்றைக்கே பிரியுங்கள். ஒன்று மேல் ஏறி உட்கார்ந்து வெயிலை மறைத்துக்கொள்ளும், மற்றது மூலையில் ஒடுங்கிச் சாப்பிடாமல் கிடக்கும்; பார்க்கிறவர்கள் அதை நட்பு என்பார்கள். கண்ணாடியில் தன் பிம்பத்தையே எதிரியாகப் பார்த்துத் தாடியைக் கறுப்பாக்கி நிற்கும் டிராகனும் சாப்பிடாது. அந்தப் பக்கத்துக்கு வெளியே ஒரு காகிதம் ஒட்டினால் போதும்.

சூடு

சாப்பிடவில்லை என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். டிராகன் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெளியிலிருந்து வாங்க வேண்டும். குளிர்ந்த உடம்பில் விழுந்த பூச்சி, நெருப்பில்லாத அடுப்பில் ஏற்றிய உலைதான்; செரிக்காமல் கிடந்து கெட்டுப்போகும். அதனால்தான் சூடேறாத டிராகன் சாப்பாட்டை மறுக்கிறது. அதன் மறுப்பு சரியான முடிவு.

வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு வளர்ந்தவற்றுக்கு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். குட்டிகளுக்கு அதன் மேல் விளிம்பு பொருந்தும். தொட்டியின் மறுகோடி 24 முதல் 28 டிகிரி. இரவில் 18-க்குக் கீழே போகாமல் இருந்தால் தனி ஹீட்டர் வேண்டாம். டொரொன்டோவில் ஜனவரி மாதம் வளர்ப்பவருக்கு இந்த மேல் எண் சிக்கல்; மே மாதச் சென்னையில் வளர்ப்பவருக்குக் கீழ் எண்தான் சிக்கல். ஒதுங்க நிழலில்லாமல் தொட்டி முழுவதும் கொதித்தாலும் டிராகன் சாப்பிடாது.

தொட்டியோடு இலவசமாக வரும், கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானியை நம்ப வேண்டாம். அது சுவரின் காற்றைச் சொல்லும், கல்லின் சூட்டைச் சொல்லாது. துப்பாக்கி மாதிரி பிடித்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை ஒன்று வாங்குங்கள். டிராகனின் வயிறு படும் இடத்தில் அளவெடுங்கள். கல்லுக்குள் மின்கம்பி ஓடும் 'ஹீட் ராக்' வேண்டவே வேண்டாம். மேலிருந்து வரும் சூட்டை உணர்ந்து விலகத் தெரிந்த பிராணிக்கு வயிற்றுக்கு அடியில் சுடுவது சரியாகத் தெரிவதில்லை. வெந்துபோகும்.

அடுத்தது யூவிபி எனும் புற ஊதா ஒளி. தோலில் யூவிபி ஒளி பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகத் தொடங்கும், உடம்புச் சூடு அதை முடித்து வைக்கும். அது இல்லாமல் சாப்பிட்ட கால்சியம் எலும்பில் சேராது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் யூவிபி கிட்டத்தட்ட இருக்காது. ஆகவே "தினமும் ஜன்னலோரம் வைக்கிறேன்" என்பது கணக்கில் சேராது. தொட்டியின் நீளத்தில் பாதிக்கு மேல் வரும் டி5 குழல் விளக்கு, 10 முதல் 12 சதவீதம் என்று போட்டிருப்பது, நல்ல தேர்வு. வலைக்கு மேல் வைத்தால் வலையே மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ தின்றுவிடும்; தூரத்தை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். விளக்கு கண்ணுக்குப் பிரகாசமாக எரிந்துகொண்டே இருக்கும், யூவிபி மட்டும் தேய்ந்துபோயிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றிய தேதியைக் குழலின் முனையிலேயே எழுதி வைத்தால் சண்டை இருக்காது.

நேரமும் இதில் அடங்கும். விளக்கு போட்டதும் சாப்பாடு வைக்காதீர்கள். ஒரு மணி நேரம், முடிந்தால் ஒன்றரை, காயட்டும். கல்லில் தட்டையாகப் படுத்திருந்தது தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கத் தொடங்கும். உடம்பின் கருமை வெளிறும். அப்போது வையுங்கள். கடைசிச் சாப்பாட்டுக்கும் விளக்கணைப்பதற்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். அலுவலகத்திலிருந்து ஏழரைக்கு வந்து பூச்சி போட்டுவிட்டு எட்டு மணிக்கு விளக்கணைக்கும் வீடுகளில் டிராகன் மெல்ல மெல்லச் சாப்பாட்டை வெறுக்கும். ஒரு டைமர் வாங்கி வெளிச்சத்தின் நேரத்தை உங்கள் நேரத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

கை எப்படிப் பழகியது

ஒரு டிராகன் வேட்டையாடுவதை அருகில் இருந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். சுவர்க்கோழி ஒன்று கல்லோரம் நகர்கிறது. டிராகன் தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும். முன்னங்கால் ஒன்று பாதி தூக்கியபடியே நிற்கும். உடம்பு முன்னால் சாயும். வாய் கொஞ்சம் திறந்து, இளஞ்சிவப்பு நாக்கு நுனி உப்பினாற்போல வெளியே வந்து ஒரு கணம் அங்கேயே நிற்கும். பிறகு பாய்ச்சல், ஈர நாக்கில் ஒட்டிய பூச்சி உள்ளே போய்விடும். இந்த வரிசையில் நாக்கு வெளியே வந்து நிற்கும் அந்தக் கணம்தான் நமக்கு வேண்டிய அடையாளம். அது வந்துவிட்டால் டிராகனுக்குப் பசி இருக்கிறது, உடம்பு ஒத்துழைக்கிறது, இரை கண்ணில் பட்டிருக்கிறது. மீதி பழக்கம்தான்.

கையால் ஊட்டும்போது இந்த வரிசையின் முன்பாதி முழுவதையும் நாம் செய்துவிடுகிறோம். தேடுவது, பார்ப்பது, நெருங்குவது எதுவும் அதற்கு வேலையில்லை. மூக்குக்கு முன்னால் வந்து ஆடும் புழுவை நக்கினால் போதும். சில நாளில் அது புழுவைப் பார்ப்பதை விட்டுவிட்டு நம் கையைப் பார்க்கத் தொடங்கும். தொட்டிக் கதவு திறந்ததும் ஓடி வந்து முகத்தைப் பார்க்கும். வீட்டில் எல்லோரும் மகிழ்ந்துபோவோம். அந்த நேரம் அதன் காலடியில் ஒரு கரப்பான் ஊர்ந்து போனாலும் அது கவனிக்காது.

இதில் குற்றம் பார்க்க ஒன்றுமில்லை. பெரும்பாலும் ஒரு நோய்க்குப் பிறகு, மருத்துவர் சொல்லித்தான், சிரிஞ்சில் ஊட்டத் தொடங்கியிருப்போம். நோய் போய்விடும், ஊட்டுவது நின்றிருக்காது.

கையை விலக்குவது

இப்படி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு வயது ஆண் டிராகன். வாய்ப்புண்ணுக்கு மருந்து முடிந்து, ஈறு ஆறிவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எடை நிலையாக இருக்கிறது. விரலில் பிடித்த பட்டுப்புழுவை வாங்கிக்கொள்கிறது; வேறு எதையும் தொடுவதில்லை.

முதல் வேலை, விரலின் இடத்தில் இடுக்கி. மூங்கில் இடுக்கி அல்லது நுனியில் ரப்பர் போட்டது. வெறும் இரும்பு வேண்டாம். டிராகன் பாய்ந்து கடிக்கும்போது இரும்பில் பல் மோதும். இதன் பக்கவாட்டுப் பற்கள் தாடையெலும்போடு ஒன்றாக ஒட்டியவை. போனால் மறுபடி முளைக்காது. ஒருமுறை வலித்தால் அடுத்த முறை இடுக்கியைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொள்ளும். பழைய கதை புதிதாக ஆரம்பிக்கும்.

இடுக்கியை மேலிருந்து இறக்காதீர்கள். திறந்த வெளியில் வாழும் ஓணான் குடும்பத்துக்கு மேலிருந்து இறங்குவது பருந்து. பக்கவாட்டிலிருந்து, தரையையொட்டி, மூக்கிலிருந்து அரைச்சாண் தள்ளிக் கொண்டுவந்து நிறுத்துங்கள். புழு தானாக நெளியட்டும். நெளியாவிட்டால் நூல் அளவு அசைத்தால் போதும். முகத்துக்கு நேரே ஆட்டுவதும் உதட்டில் இடிப்பதும் பயமுறுத்தும். நாக்கு நுனி வெளியே வரும் வரை காத்திருங்கள். மூன்று நான்கு புழுவோடு நிறுத்திவிடுங்கள். வயிறு நிறைந்த டிராகனுக்குக் கற்றுக்கொள்ள அவசியம் இல்லை.

இடுக்கியை ஏற்றுக்கொண்ட பிறகு சாப்பாட்டுக்கு ஓர் இடம் குறியுங்கள். தட்டையான ஓட்டுத் துண்டோ தரை டைல்ஸோ, வெயில் காயும் கல்லுக்கு ஓரடி தள்ளி. எப்போதும் அதே இடம். இனி இடுக்கி அங்கேதான் நிற்கும். டிராகன் உடம்பைச் சாய்த்ததும் புழுவை விட்டுவிடுங்கள். புழு ஓர் அங்குலம் ஊர்ந்து போகட்டும். டிராகன் அதைப் பின்தொடர்ந்து ஓரடி எடுத்து வைத்தால், அந்த ஓரடிதான் இந்த அத்தியாயத்தின் பாதி. அது இடுக்கியை விட்டுவிட்டு இரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

இதன் பிறகு போட்டுவிட்டு இடுக்கியை எடுத்துக்கொள்வது. பிறகு போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்வது. பிறகு அதே டைல்ஸின் மேல் வழவழப்பான, பூச்சி ஏற முடியாத, தாழ்வான வெள்ளைக் கிண்ணம். மூன்று விரல் உயரத்துக்கு மேல் வேண்டாம். உள்ளே நெளிவது டிராகனின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு படியிலும் எத்தனை நாள் என்று கேட்பார்கள். இரண்டு மூன்று சாப்பாடு தொடர்ந்து தயங்காமல் எடுத்தால் அடுத்த படி, அவ்வளவுதான் கணக்கு. சில நான்கு நாளில் முடித்துவிடும், சில ஒரு மாதம் எடுக்கும்.

இந்த முறையில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கிண்ணத்தில் வைத்ததை டிராகன் தொடவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு, பாவம் என்று அதே புழுவை எடுத்துக் கையால் கொடுத்துவிடுகிறோம். டிராகன் என்ன கற்றுக்கொண்டது? பத்து நிமிடம் சும்மா இருந்தால் கை வரும். ஆகவே தொடாத கிண்ணத்தை ஒரு கால் மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், அன்றைக்குத் தேவையான உணவை மூன்று நான்கு மணி நேரம் கழித்து முந்தைய படியில், இடுக்கியால், கொடுங்கள். பசியான காலை நேரம் பயிற்சிக்கு, மத்தியானம் ஈடுகட்டுவதற்கு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பாடம் சொல்கிறது. இதைச் செய்தால் பட்டினி போடாமலேயே பழக்கிவிடலாம். "பசித்தால் தானாகச் சாப்பிடும், விட்டுவிடு" என்று சொல்பவர்கள் உண்டு. நல்ல எடையுள்ள, நோயில்லாத, வளர்ந்த டிராகனுக்கு ஒன்றிரண்டு நாள் அது சரி. குட்டிக்கும் நோயிலிருந்து எழுந்ததற்கும் அந்த வைத்தியம் ஆபத்து.

எந்தப் பூச்சி என்பதும் முக்கியம். டூபியா கரப்பான் சத்தானது, நாறாது, ஏறாது. ஆனால் ஆபத்து என்றால் செத்த மாதிரி அசையாமல் கிடக்கும். அசையாதது டிராகனுக்கு இரையல்ல. அதை மல்லாக்கப் புரட்டிப் போடுங்கள். காலை உதறும், அந்த உதறல் போதும். பிளாக் சோல்ஜர் ஈயின் புழு சின்னது, ஓயாமல் நெளியும், பூச்சிகளில் கால்சியம் அதிகமுள்ளது. கிண்ணப் பயிற்சிக்கு இதைவிட ஏற்றது குறைவு. பட்டுப்புழுவும் பச்சைக் கொம்புப்புழுவும் மென்மையானவை, வாய் ஆறிய டிராகனுக்கு முதலில் இவைதான். மெழுகுப்புழு கொழுப்பு நிறைந்தது. அதற்குப் பழகிய டிராகன் மற்றதை வேண்டாம் என்னும். பூச்சியின் அளவு டிராகனின் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது. சுவர்க்கோழிகளைத் தொட்டி முழுவதும் அவிழ்த்துவிட்டு "எப்போதாவது பிடித்துத் தின்னும்" என்று போய்விடாதீர்கள். ஒளிந்துகொள்ளும், இரவில் தூங்கும் டிராகனைக் கடிக்கும், காலையில் அது பூச்சியைக் கண்டாலே ஒதுங்கும்.

கால்சியம் தூளையும் கவனியுங்கள். பூச்சிகளில் பெரும்பாலானவற்றில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு, அதனால்தான் தூள் தூவுகிறோம். மாவில் புரட்டிய பஜ்ஜி அளவுக்குத் தேவையில்லை. பூச்சி வெள்ளையாகிக் கண்ணுக்கே தெரியாமல், வாயில் வறண்ட தூளாகப் போனால் துப்பிவிடும். பைக்குள் போட்டு ஒரு குலுக்கு, போதும்.

தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம். மருந்தடித்த செடியில் இருந்திருக்கலாம். அதிலும் மின்மினி கூடவே கூடாது. அதன் உடம்பில் உள்ள நஞ்சு டிராகனைக் கொல்லும், ஒன்றே போதும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைத் தனியாகச் சொல்லி வையுங்கள்.

கடைசிப் படி நீங்கள் அறையை விட்டுப் போவது. கைக்குப் பழகிய டிராகன் நீங்கள் நிற்கும் வரை உங்களைத்தான் பார்க்கும். கிண்ணத்தை வைத்துவிட்டு, போனை எதிரே சாய்த்து வீடியோ ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுங்கள். திரும்பி வந்து எண்ணிப் பாருங்கள். இருபது போட்டதில் பன்னிரண்டு இருந்தால், எட்டு உள்ளே போயிருக்கிறது. கிண்ணத்துக்கு வெளியே தப்பியதா என்பதை வீடியோ சொல்லும்.

இலை

பூச்சியைக் கண்டால் பாயும், கீரையைக் கண்டால் மிதித்துக்கொண்டு போகும் என்பது அடுத்த குறை. குட்டிப் பருவத்தில் சாப்பாட்டில் பெரும்பகுதி பூச்சி. வளர வளர இது தலைகீழாகி, வளர்ந்ததற்கு முக்கால் பங்கு இலையும் காயுமாக இருக்க வேண்டும். பழக்கம் பாதி வழியில் மாற வேண்டியிருப்பதால்தான் இந்தத் தகராறு. குட்டியாக இருக்கும்போதே தினமும் இலைக் கிண்ணம் வைத்தவர்களுக்கு இது பெரும்பாலும் வருவதில்லை, குட்டி அப்போது அதைத் தொடாவிட்டாலும்.

வளர்ந்ததற்குக் காலையில் முதலில் இலை, பூச்சி பிறகு. பூச்சி வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். கடுகுக்கீரை, முருங்கை இலை, செம்பருத்திப் பூவும் இளம் இலையும், துருவிய மஞ்சள் பூசணி எல்லாம் நல்லவை. பாலக் கீரையில் ஆக்சலேட் அதிகம், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். தினசரி உணவாக்க வேண்டாம். அவகாடோ கூடாது. எல்லாவற்றையும் கண்ணிடைவெளி அளவுக்குப் பொடியாக நறுக்கி, தண்ணீர் தெளித்து, பூசணியின் மஞ்சளும் பூவின் சிவப்பும் மேலே தெரியும்படி வையுங்கள். நிறம் பார்க்கத் தெரிந்த பிராணி இது. அதற்கும் மசியாவிட்டால் நான்கைந்து ஈப்புழுக்களை இலைக்குள் கலந்து விடுங்கள். இலை தானாக அசையும். புழுவை எடுக்கப் பாயும் வாயில் இலையும் சேர்ந்து வரும். முதலில் துப்பும், பிறகு துப்பாது. கிண்ணத்தை விளக்குக்கு நேர் கீழே வைத்தால் அரை மணி நேரத்தில் எல்லாம் சருகாகிவிடும்; தள்ளி வையுங்கள்.

சிரிஞ்ச்

வாயைப் பலவந்தமாகத் திறந்து ஊட்டுவது பழக்கும் முறைகளில் ஒன்றல்ல, மருத்துவம். மருத்துவர் அளவும் கலவையும் சொல்லி, செய்து காட்டிய பிறகே வீட்டில் செய்ய வேண்டும். டிராகனின் மூச்சுக்குழல் வாயில் நாக்கின் அடியிலேயே திறக்கிறது. வேகமாக அழுத்திய ஒரு மில்லி நுரையீரலுக்குப் போய்விட முடியும். தண்ணீர் வற்றிய, குளிர்ந்த, பல நாள் பட்டினி கிடந்த உடம்பில் உணவைத் திணிப்பதும் ஆபத்து. வரிசை எப்போதும் இதுதான்: முதலில் சூடு, பிறகு தண்ணீர், கடைசியில் உணவு. வெதுவெதுப்பான தண்ணீரில் தோளுக்கு மேல் போகாமல் கொஞ்ச நேரம் நிற்க வைத்தால் சில குடிக்கும், பல எச்சம் போடும். மூக்கு நுனியில் சொட்டுச் சொட்டாக விட்டால் நக்கிக் குடிக்கும். அப்படி நக்கும் டிராகனுக்கு, மருத்துவர் கொடுத்த கூழையும் உதட்டோரம் ஒரு சொட்டு வைத்து அதுவாக நக்கவிடலாம். திறக்காத வாயோடு சண்டை போடுவதைவிட இது மெதுவானதுதான், ஆனால் தானாகச் சாப்பிடுவதற்கு இது முதல் படி. சிரிஞ்சிலிருந்து சொட்டு, சொட்டிலிருந்து கரண்டி, கரண்டிக் கூழில் ஒரு பட்டுப்புழு, பிறகு மேலே சொன்ன இடுக்கி.

எவ்வளவு நாள் பொறுக்கலாம்? குட்டி இரண்டு மூன்று நாள் எதையும் தொடாவிட்டால் மருத்துவர். வளர்ந்தது, எடை நிலையாக, சுறுசுறுப்பாக, எச்சம் ஒழுங்காக இருந்தால் இரண்டு வாரம் வரை வெப்பத்தையும் விளக்கையும் சரிசெய்து பார்க்கலாம். எடை இறங்கினால் அந்த இரண்டு வாரமும் கிடையாது.

கிண்ணத்தில் சாப்பிடத் தொடங்கிய பிறகு கையால் கொடுக்கவே கூடாதா என்றால், கொடுக்கலாம். வாரத்தில் ஒருநாள் இடுக்கியில் ஒன்றிரண்டு, கிண்ணச் சாப்பாடு முடிந்த பிறகு. நீங்கள் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ள வருபவருக்கு மட்டும் எழுதியே வைத்துவிட்டுப் போங்கள்: பூச்சி எத்தனை, எத்தனை மணிக்கு, எந்த டைல்ஸின் மேல். கையால் ஊட்ட வேண்டாம் என்பதைக் கோடு போட்டு எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியாக இருந்தால் இரண்டு கோடு.